பெட்டி பிடித்த கை

குணாளன் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த அன்று அவனை மாடிக்கு ஏற்ற நான்கு பேர் வேண்டியிருந்தது. கனம் ஒன்றுமில்லை, அகலம்தான். இரட்டைக் கட்டில் அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டம். அதில் தலை ஒரு மூலை, பாதம் ஒரு மூலை, நெஞ்சுப் பாதி தனி, முதுகுப் பாதி தனி, இரண்டு தொடைகளும் சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் போல் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு, எல்லாமே விரல் பருமனுள்ள காம்புகளால் சட்டத்தோடு பிடிபட்டிருக்க, அதை ஒருக்களித்து நிமிர்த்தி மறுபடி ஒருக்களித்து, மலர் நகர் ஹவுசிங் யூனிட்டின் குறுகலான படிக்கட்டில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் அல்போன்ஸ் பின்னாலேயே ஓடிவந்தார்.

"சுவத்துல இடிக்காம தூக்குங்கப்பா, இப்பத்தான் பெயின்ட் அடிச்சிருக்கு" என்றார் அவர். அந்தக் காலனியில் அன்று எழுந்த ஒரே ஆட்சேபணை அதுதான்.

ஏன் ஆளை இப்படி அனுப்பினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கம்பெனி என்றிருந்தால் வருஷத்துக்கு ஒரு புது வழக்கம் கொண்டுவரத்தான் செய்யும், நாம் என்ன செய்ய முடியும் என்று பேசிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். குணாளனின் அம்மா சம்பூரணம் மட்டும் சட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, முதுகைத் தொட்டு, முழங்காலைத் தொட்டு, "பிள்ளை இளைச்சுட்டானே" என்று மூக்கைச் சிந்தினாள்.

குணாளனின் மனைவி வசுமதிக்கு இது புதிதல்ல, அளவு மட்டும்தான் புதிது. வேலைவெட்டி முடித்து வந்து, மேஜைமேல் போர்க்கள வரைபடம் விரித்து, பகடை உருட்டி விளையாடுகிற பெரிய மனிதர்கள் பெங்களூரில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு விளையாட நேரம் உண்டு, பொம்மை ஒட்டப் பொறுமை கிடையாது. ஆகவே கட்டைவிரல் உயர வீரர்களும் குதிரைகளும் கொம்பு வைத்த பூதங்களும் சட்டம் சட்டமாக வசுமதிக்குக் கூரியரில் வரும். அவள் காம்புகளைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி, அச்சு சேர்ந்த இடத்தில் ஓடுகிற மெல்லிய கோட்டைக் கத்தி முதுகால் சுரண்டி, துண்டுகளை முதலில் ஒட்டாமல் வைத்துப் பார்த்து, சரியாக உட்கார்ந்தால் மட்டும் பசை தொட்டு, அது பிடிக்கும்வரை மூச்சு விடாமல் விரலுக்கிடையில் பிடித்திருந்து, முழுப் படையாக்கித் திருப்பி அனுப்புவாள். அந்தப் பசை சாதாரணப் பசையல்ல. இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் கரைத்து ஒரே துண்டாக்கிவிடும். அப்புறம் பிரிப்பதென்றால் அறுத்தால்தான் உண்டு. அதனால்தான் வைத்துப் பார்க்காமல் ஒட்டுகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சட்டத்தில் உடம்பு ஒன்று, இடக்கை ஒன்று, தலை இரண்டு, வலக்கை மூன்று இருந்தன. விளையாட்டு வீரர்களுக்குக் கத்தி பிடித்த கை, வில் பிடித்த கை என்று விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளக் கூடுதலாகக் கொடுப்பார்கள் அல்லவா, அந்த மாதிரி. தலைகளில் ஒன்று ஹெல்மெட்டோடு வார்த்தது, இன்னொன்று முன்வழுக்கையோடு வெறுமனே இருப்பது. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. கைகளில்தான் சிக்கல். ஒன்று பெரிய சூட்கேஸ் ஒன்றைப் பிடித்திருந்தது, ஒன்று போன் பிடித்திருந்தது, மூன்றாவது எதையும் பிடிக்காமல் சும்மா விரிந்திருந்தது.

வசுமதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். கால்களைச் சேர்த்தாள், நெஞ்சையும் முதுகையும் மூடினாள், காதிலிருந்து கணுக்கால்வரை ஓடிய அச்சுக் கோட்டைச் சுரண்டிக்கொண்டே வந்தாள், தலையை வைத்தாள், இடக்கையை வைத்தாள். வலக்கைக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தினாள். அத்தை சமையற்கட்டில் இருந்தாள். வசுமதி சும்மா இருந்த அந்தக் கையை எடுத்துத் தோள்குழியில் வைத்துப் பார்த்தாள், நன்றாகத்தான் உட்கார்ந்தது. பிறகு என்ன தோன்றியதோ, அதை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிளாஸ்டிக்தான், சில்லென்றுதான் இருந்தது. ஆனாலும் எடுக்க மனம் வரவில்லை. எத்தனை வருஷமாயிற்று!

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு ரஹ்மத் கைக்குழந்தையோடு உள்ளே நுழைந்தாள். "என்னக்கா, அண்ணன் ரெடியாயிட்டாரா?"

வசுமதிக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. கையைத் திருட்டுப் பொருள் மாதிரிப் பாயில் போட்டுவிட்டு, "ஆயிடும் ஆயிடும், கண்ணைத் திறந்ததும் காபி கேப்பாரு, பால் வாங்கிட்டு வந்துர்றேன்" என்று, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டினாள். எந்தக் கை என்று அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது.

அவள் பால் கடையில் நின்றுகொண்டிருக்கையில் சம்பூரணம் சமையற்கட்டிலிருந்து வெளியே வந்து காலண்டரைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். இத்தனை வருஷம் கழித்து வீடு வருகிற பிள்ளை ராகு காலத்திலா கண் திறப்பது? போதாததற்கு வெறுங்கையோடு வேறு வந்து நிற்பதா? நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அவள் பெட்டி பிடித்த கையை எடுத்தாள், பசையைத் தாராளமாக அப்பினாள், தோள்குழியில் வைத்து, அம்மியில் குழவியை அழுத்துகிற மாதிரி அழுத்திப் பிடித்தாள்.

வசுமதி திரும்பி வந்தபோது குணாளன் கூடத்தின் நடுவில் பெட்டியோடு நின்று, "காபி இருக்கா வசு?" என்றான். முதல் வாய் காபி உள்ளே போனதும் முகத்திலிருந்து கீழே மெல்ல மெல்ல நிறம் இறங்கியது, கன்னம் கறுத்தது, காது மடல் சிவந்தது, கெண்டைக்காலில் மயிர் சிலிர்த்தது. ஒட்டின இடங்கள் மட்டும் மெல்லிய சாம்பல் கோடாக நின்றன. வசுமதி அவன் தோளைத் தடவிப் பார்த்தாள். பிரித்து எடுக்கிற ஒட்டு இல்லை அது.

"யார் ஒட்டினது?"

"பெத்தவதான் ஒட்டினேன். பெட்டியும் கையுமா வந்தாத்தானேம்மா பிள்ளைக்கு அழகு" என்றாள் சம்பூரணம், பெருமையாக.

பெட்டியும் கையும் ஒரே வார்ப்பு. அது திறக்காது, கீழே வைக்கவும் முடியாது. தட்டிப் பார்த்தால் டொக்கு டொக்கென்று சத்தம் வரும், அவ்வளவுதான். காலனியே வந்து மரியாதைக்கு உட்கார்ந்து, சென்ட் இருக்குமா, டார்ச் லைட் இருக்குமா என்று ஓரக்கண்ணால் பெட்டியைப் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டு, கொஞ்சம் கோபத்தோடே போயிற்று. குணாளனின் சட்டைகளுக்கு வலப்பக்கத் தையலைப் பிரித்து ஊக்கு வைத்தார்கள். சாப்பாட்டை அம்மா ஊட்டிவிட்டாள். படுக்கையில் பெட்டி நடுவில் படுத்தது. வசுமதி ஒரு பக்கம் புரண்டால் சூட்கேஸின் மூலை விலாவில் குத்தியது.

மிச்சமான துண்டுகளைக் காலனி வீணாக்கவில்லை. வெறும் சட்டத்தை அல்போன்ஸ் தோட்டத்தில் நட்டுப் புடலங்கொடி ஏற்றினார். குணாளன் இருந்த இடத்தில் எல்லாம், தலை இருந்த ஓட்டையிலும் தொடை இருந்த ஓட்டையிலும், புடலங்காய் தொங்கியது. ஹெல்மெட் தலையைப் பின்பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்துக்குத் திருஷ்டி பொம்மையாக மொட்டை மாடியில் கட்டிவைத்தார்கள். அது இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு, "கலவையில தண்ணி ஜாஸ்தி, கலவையில தண்ணி ஜாஸ்தி" என்று மேஸ்திரியைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தது. மேஸ்திரி முதலில் முறைத்தார், பிறகு தண்ணீரைக் குறைத்தார், பிறகு தலையைக் கேட்காமல் ஒரு கல் வைப்பதில்லை என்றானார். போன் பிடித்த கையை ஜெபமணி டீச்சர் கேட்டு வாங்கிப் போனார். அதைக் காதில் வைத்தால் குணாளன் குரலில், "சாப்ட்டாச்சா? அப்புறம்? வேற என்ன?" என்று கேட்கும், திரும்பத் திரும்ப அதையேதான் கேட்கும். டீச்சருக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் கடல் தாண்டி. அவர் தினமும் சாயங்காலம் அந்தக் கையோடு பால்கனியில் உட்கார்ந்து, என்ன சாப்பிட்டார் என்பதை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சும்மா இருந்த கை ரஹ்மத் வீட்டுக்குப் போயிற்று. பிள்ளை விளையாடட்டும் என்று வாங்கிப் போனவள், ஒரு மதியம் அதைத் தூளியோரம் மறந்து வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள்; திரும்பி வந்து பார்த்தால் கை, பிள்ளையின் முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. அழுகை இல்லை, சிணுங்கல் இல்லை, குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. அன்றிலிருந்து அந்தக் கை தட்டாமல் குழந்தை தூங்குவதில்லை. அக்கம்பக்கத்திலிருந்தும் அடம்பிடிக்கிற குழந்தைகளைத் தூக்கிவந்தார்கள், எல்லாம் தூங்கின. ரஹ்மத் அதற்கு மருதாணிகூட வைத்துவிட்டாள்.

இப்படி மூன்று இடத்தில் குணாளன் பிரயோஜனமாக இருந்தான், சொந்த வீட்டில்தான் இல்லை. லீவில் வந்தவனைப் பார்த்தால் நம் ஆட்கள் கேட்கிற கேள்வி உங்களுக்குத் தெரியும். வந்து செருப்பைக் கழற்றுமுன்பே, "எப்ப கிளம்பறீங்க?" பால்காரர் கேட்டார், இஸ்திரிக்காரர் கேட்டார், கோயில் குருக்கள் விபூதி கொடுத்துக்கொண்டே கேட்டார். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் பெட்டி கொஞ்சம் ஆடும், அவன் பாதம் இரண்டும் தாமாகவே வாசல் பக்கம் திரும்பிக்கொள்ளும். முதலில் வாசல்வரை போய்த் திரும்பினான். பிறகு கேட்வரை. ஒருநாள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு துண்டோடு உட்கார்ந்திருந்தவனை யாரோ கேட்டுத் தொலைக்க, அவன் அந்தத் துண்டோடேயே பஸ் ஸ்டாப்வரை போய்விட்டான். வசுமதி ஓடிப்போய்ப் பெட்டியின் இன்னொரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். காளையை இழுத்துவருவது போலிருந்தது.

புடலைப் பந்தலடியில் அவனை உட்காரவைத்துக் கேட்டாள்: "போகணும்னு அவ்வளவு ஆசையா உங்களுக்கு?"

"நான் எங்க போறேன் வசு? பெட்டி போகுது, பின்னாடி நான் போறேன்" என்றான் குணாளன். அவன் கண் கலங்கியிருந்தது. துடைக்கக் கையைத் தூக்கினான், பெட்டி வந்து நெற்றியில் இடித்தது.

சனிக்கிழமை காலை கம்பெனியின் வண்டி வரும் என்று தகவல் வந்தது. வண்டி வந்தால் பெட்டி ஏறும், பெட்டி ஏறினால் அவனும் ஏறுவான், அங்கே போனதும் மறுபடி கழற்றிச் சட்டத்தில் மாட்டுவார்கள்; அடுத்த தடவை எந்தத் துண்டு குறைந்து வருமோ, எந்த முகம் வருமோ, யார் கண்டது? வசுமதி வெள்ளிக்கிழமை முழுக்க ஒரு வீரனையும் ஒட்டவில்லை. குதிரைகள் கால் இல்லாமல் மேஜையில் கிடந்தன. சனிக்கிழமை விடிந்து, குளித்து, மேஜையடியில் வைத்திருந்த மெல்லிய ரம்பத்தை எடுத்துத் துடைத்தாள்.

"ஏம்மா, என்ன பண்ணப் போற?" சம்பூரணம் வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றாள். "அது என் பிள்ளை கை. பெட்டி இல்லாமப் பிள்ளையை என்ன சொல்லுவாங்க?"

"என்னவேணா சொல்லட்டும் அத்தை. வெச்சுப் பார்க்காம ஒட்டினது. அறுத்துத்தான் ஆகணும்."

சம்பூரணம் கடிகாரத்தைப் பார்த்தாள். "இப்ப ராகு காலம்."

"வண்டியும் இப்பத்தான் வரும்."

இதற்குள் விஷயம் கீழே எட்டி, காலனி முழுக்கப் படியேறி வந்துவிட்டது. இடம் கிடைத்தவர்கள் கூடத்தில், கிடைக்காதவர்கள் எதிர் பால்கனிகளில். ரஹ்மத் இடுப்பில் குழந்தையும் கையில் அந்தக் கையுமாக நின்றாள். வசுமதி முந்தின நாளே கேட்டிருந்தாள்; தருவதா வேண்டாமா என்று அவளுக்கு ராத்திரியெல்லாம் யோசனை. "தர்றேன்க்கா, ஆனா மத்தியானம் புள்ளை தூங்கலைன்னா நான் என்ன செய்ய?" என்றாள். பிறகு அவளே, "பாத்துக்கலாம், புடிங்க" என்று நீட்டினாள்.

"வலிக்குமா?" என்றான் குணாளன்.

"தெரியாது. இந்த சைஸுல நான் யாரையும் அறுத்ததில்ல."

அவன் கொஞ்சம் யோசித்தான். "பெட்டி இல்லாம எனக்கு நடக்கவே வராது போலிருக்கு வசு."

"நடக்க வேணாம். உட்காருங்க."

அவள் சாம்பல் கோட்டின் மேல் ரம்பத்தை வைத்தாள். சரக் சரக்கென்று சத்தம் வந்தது, சாம்பல் நிறத் தூள் கொட்டியது, பால்கனிகளில் பேச்சு நின்றது, மொட்டை மாடியிலிருந்து ஹெல்மெட் தலை மட்டும், "நேரா புடி, நேரா புடி" என்று கத்திக்கொண்டிருந்தது. குணாளன் பல்லைக் கடித்தான், ஆனால் கத்தவில்லை. வலிக்கிறதா என்று கேட்டதற்குக் கூச்சமாக இருக்கிறது என்றான். கடைசி இழுப்பில் கையும் பெட்டியும் தொப்பென்று பாயில் விழுந்தன. விழுந்த மாத்திரத்தில் பெட்டி சரசரவென்று வாசலைப் பார்த்து நகர ஆரம்பித்தது. அல்போன்ஸ் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வசுமதி சும்மா இருந்த கையை எடுத்தாள். அதன் நகங்களில் மருதாணி சிவந்திருந்தது. எல்லோரும் ஒட்டு ஒட்டு என்று கண்ணால் அவசரப்படுத்தினார்கள். அவள் அவசரப்படவில்லை. தோள்குழியில் வைத்துப் பார்த்தாள். பிறகு காலனி பார்க்க, எதிர் பால்கனி பார்க்க, அத்தை பார்க்க, அந்த உள்ளங்கையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் எடுக்கவில்லை. சரியாக உட்கார்ந்தது என்று தெரிந்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

அப்போது கீழே ஹாரன் கேட்டது. அவள் பசைக்குத் திரும்பினாள். டப்பா அங்கே இல்லை. அது சம்பூரணத்தின் கையில் இருந்தது. கிழவி, மன்னிக்கவும், அவளை அப்படிக் கூப்பிட்டால் அவளுக்குப் பிடிக்காது, சம்பூரணம் மூடியைத் திறந்து, தூரிகையை மருமகளிடம் நீட்டி, "ராகு காலமாவது ஒண்ணாவது, ஒட்டும்மா" என்றாள்.

வசுமதி ஒட்டி, இரண்டு கையாலும் தோளைச் சேர்த்துப் பிடித்தாள். பசை பிடிக்கிறவரை விடக் கூடாது. ஹாரன் மறுபடி அடித்தது, மறுபடி அடித்தது, பிறகு படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அல்போன்ஸைச் சுமந்துகொண்டே பெட்டி வாசல்வரை போய்விட்டது. உள்ளே வந்த டிரைவர் கூட்டத்தைப் பார்த்தார், கணவன் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கிற பெண்ணைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளை இழுத்தால் தோள் கழன்றுவிடும், இழுக்கவிடக் கூடாது, கடித்தாவது வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"குணாளன்?" என்றார் டிரைவர்.

வசுமதி பிடியை இறுக்கினாள்.

டிரைவர் குனிந்து பெட்டியைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார், அறுபட்ட முனையில் விரலை வைத்துப் பார்த்தார். "சார், கொஞ்சம் எந்திரிங்க" என்று அல்போன்ஸிடம் சொன்னார். "இது வந்தாப் போதும். அங்க வேலை செய்யறதெல்லாம் இதுதானே."

"மத்தது?" என்றாள் வசுமதி.

"மத்தது எதுக்குங்க? போன மாசம்கூட ஒரு இடத்துல முழு ஆளா வந்து ஏறிட்டாரு, அங்க வெக்க இடமில்லன்னு திட்டினாங்க." அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். "ஹெல்மெட் தலை ஒண்ணு இருக்கணுமே?"

"அப்படி எதுவும் வரலியே" என்றார் அல்போன்ஸ், மொட்டை மாடியிலிருந்து கேட்ட சத்தத்தை இருமலால் மூடிக்கொண்டு. கூட்டத்தில் நின்ற மேஸ்திரியும் சேர்ந்து இருமினார்.

டிரைவர் கையைத் தூக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது பெட்டியோடு தானாகப் படியிறங்கி, தானாகப் பின்கதவு வழியே ஏறி, வழக்கப்பட்ட இடம்போல மூலையில் உட்கார்ந்துகொண்டது. வண்டி தெருமுனை திரும்பும்வரை சம்பூரணம் பால்கனியிலிருந்து அதற்குக் கையசைத்தாள். என்ன இருந்தாலும் அவள் ஒட்டியது.

அன்று மதியம் குணாளன் இலைமுன் உட்கார்ந்து வலக்கையால் சோற்றைத் தொட்டான். புதுக்கைக்குச் சோறு பிசையத் தெரியவில்லை, குழம்பு முழங்கைவரை வழிந்தது, சூடு பட்டதும் உதறிக்கொண்டது. பாதிச் சோறு தரையில், மீதி மீசையில். அம்மா ஊட்ட வந்தாள், அவன் வேண்டாம் என்றான். சாப்பிட்டு முடிப்பதற்குள் ரஹ்மத் குழந்தையோடு வந்துவிட்டாள். பிள்ளை அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, நீங்கதான் தூங்கவைக்கணும். வேற வழியில்ல."

"எனக்கு அதெல்லாம் தெரியாதேம்மா" என்றான் குணாளன் பயத்தோடு.

"உங்களுக்குத் தெரிய வேணாம்ணே. அதுக்குத் தெரியும்."

குழந்தையைப் பாயில் போட்டார்கள். கை போய் முதுகில் தட்டியது. குழந்தை ஒரு விக்கல் விக்கி, வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிற்று. குணாளன் தன் கையைத் தானே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த வசுமதி, கொஞ்சம் முதுகைச் சாய்க்கலாம் என்று குழந்தைக்கு இந்தப் பக்கம் சுவரைப் பார்த்துப் படுத்தாள். அவள் அழுதது யாருக்கும் கேட்டிருக்காது. தோள் மட்டும்தான் குலுங்கியது. கை குழந்தையைத் தட்டுவதை நிறுத்தி, காற்றில் கொஞ்சம் தேடி, அவள் தோளில் வந்து உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தது.

"வசு, நான் எதுவும் பண்ணல, அதுவா வருது" என்றான் குணாளன் பதற்றமாக.

"சும்மா இருங்க" என்றாள் வசுமதி. இரண்டு தட்டு தாங்கவில்லை அவள். தூங்கிவிட்டாள்.